திரை விலக்கிய திருமகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஒரு கல்லூரியில் இடம் பெறுவது என்றால் இன்று நமக்கு என்ன பொருள்? மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு கலந்தாய்வு நாளன்று வரிசையில் நிற்கிறோம். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போகிறோம். பாடத்தைத் தேர்ந்தெடுத்து, கட்டணத்தைக் கட்டிவிட்டு, மாலைப் பேருந்தில் ஊர் திரும்புகிறோம். ஆனால் 1904-ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் ஒரு பெண் கல்லூரியில் சேர விரும்பியபோது அந்நாட்டு மன்னரே தலையிட வேண்டியிருந்தது. அந்தப் பெண்தான் பிற்காலத்தில் நாடு போற்றிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையாரின் பெயரை அறியாதவர் நம்மில் இலர். கருவுற்ற தாய்மார்களுக்குத் தமிழக அரசு வழங்கிய நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியது. என் அக்காவின் பிரசவத்தின்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் துணையாகப் போனபோது, சுவரில் எழுதியிருந்த அந்தப் பெயரை முதன்முதலாகப் படித்தேன். யார் இவர் என்று அங்கிருந்த எவரையும் கேட்கத் தோன்றவில்லை. கல்லூரி நூலகத்துக்கு வந்த பிறகுதான் அவருடைய வாழ்க்கையைப் படித்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் நான். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்பா நெல் மண்டியில் மூட்டை சுமப்பவர். ஆகவே அம்மையாரின் வாழ்வை ஒரு சாதனைப் பட்டியலாகப் படித்து நகர என்னால் இயலவில்லை. உடன் பயிலும் தோழர், தோழியரோடு அதைப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பிறப்பும் இளமையும்

முத்துலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வராகப் பணியாற்றிய கல்வியாளர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் தோன்றியவர். சந்திரம்மாளை மணந்ததற்காக நாராயணசாமி ஐயரை அவருடைய சொந்தச் சுற்றத்தாரே ஒதுக்கி வைத்தனர்.

தேவதாசி மரபு என்பதை இங்கே சற்று விளக்க வேண்டும். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அப்பெண்கள் இறைவனுக்கு உரியவர்கள் என்று கருதப்பட்டனர். ஆடலும் பாடலும் கற்றனர், எழுதப் படிக்க அறிந்திருந்தனர், சொத்தும் வைத்திருந்தனர். மற்ற குலப் பெண்களுக்குக் கிட்டாதவை இவை. ஆனால் ஊரறிய ஒருவரை மணந்து வாழும் உரிமை அவர்களுக்கு இல்லை. வசதி படைத்த ஆண்களின் ஆதரவில் வாழ வேண்டியிருந்தது. பிறந்த பிள்ளைகளைச் சமூகம் ஏளனமாகப் பார்த்தது. கலையை ரசித்த அதே ஊர்தான் கலைஞரை இழித்தும் பேசியது. இத்தகைய மரபில் வந்த தாய்க்கு மகளாகப் பிறந்தது முத்துலட்சுமியின் வாழ்நாள் முழுவதையும் தீர்மானித்தது எனலாம்.

சிறுமி படிப்பில் கெட்டிக்காரியாக இருந்தார். ஆயினும் பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். அன்றைய வழக்கம் அது. தாயார் மாப்பிள்ளை தேட விரும்பினார். தந்தையார் வீட்டிலேயே பாடம் தொடர ஏற்பாடு செய்தார். வீட்டிலிருந்தபடியே படித்து 1902-இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் முத்துலட்சுமி வெற்றி பெற்றார்.

கல்லூரியில் ஒரு திரை

அடுத்த படிதான் கடினமானது. புதுக்கோட்டையில் இருந்ததோ ஆடவர் மட்டும் படித்த மன்னர் கல்லூரி. முத்துலட்சுமி அங்கே சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் ஒருத்தி வகுப்பில் அமர்ந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்பது ஒரு வாதம். அவருடைய தாயின் குலத்தைச் சுட்டிக்காட்டித் தயங்கியது இன்னொரு வாதம். மாணவியின் மதிப்பெண்ணைப் பற்றியோ அறிவைப் பற்றியோ எவரும் ஐயம் எழுப்பவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். இவள் பெண், இவள் இன்னாருடைய மகள். இந்த இரண்டும்தான் தடைகளாக நின்றன.

மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்புகளை ஒதுக்கித் தள்ளி 1904-இல் அவரைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார். முத்துலட்சுமி அக்கல்லூரியின் முதல் மாணவியானார். வகுப்பில் மற்ற மாணவர்களின் பார்வையில் படாதவாறு அவருக்குத் திரை கட்டப்பட்டது. ஆசிரியரின் குரல் திரையைக் கடந்து வந்தது. பாடமும் கடந்து வந்தது. திரைக்கு அப்பால் தனித்து அமர்ந்த அந்த ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள்! ஐயம் கேட்க வேண்டுமென்றால் என்ன செய்திருப்பார்? தேர்வுக்கு முந்தைய நாள் யாரிடம் குறிப்பேடு வாங்கியிருப்பார்? நாம் சாதாரணமாகச் செய்யும் எதுவும் அவருக்குச் சாதாரணமாக இருந்திருக்க முடியாது.

அந்த மன்னர் கல்லூரி இன்று நம் கல்லூரியைப் போன்றே ஓர் அரசுக் கல்லூரி. அங்கே இன்று மாணவியர் எந்தத் திரையும் இல்லாமல் அமர்ந்து படிக்கின்றனர்.

மருத்துவம் காட்டிய உண்மை

1907-இல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியாவிலேயே மருத்துவம் படித்த முதல் பெண் அவர்தான் என்று சில மேடைகளில் கூறக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. அதே கல்லூரியில் 1875-லேயே மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி சேர்ந்து படித்தார். அவருக்குப் பின்னும் சில பெண்கள் படித்தனர். ஆயினும் அம்மையாரின் பெருமை இதனால் குறைந்துவிடாது. 1912-இல் பரிசுகளும் பதக்கங்களும் பெற்று மருத்துவப் பட்டத்தோடு வெளியே வந்தார். சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றினார்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனைகளை முன்வைத்து, அவர் இசைந்த பிறகே திருமணத்துக்கு ஒப்புக்கொண்டார். மணமகன் நிபந்தனை விதிப்பதும் மணமகள் தலையசைப்பதுமாக இருந்த காலம் அது! பெண் பார்க்கும் சடங்கில் நகையும் ரொக்கமும் பேசப்படும் இந்நாளிலும், இப்படி ஒரு நிபந்தனையை வாய்விட்டுச் சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

மகப்பேறு மருத்துவம் அவருக்கு உடலை மட்டும் கற்பிக்கவில்லை. இளம் வயதில் மணம் முடிக்கப்பட்டு, உடல் முதிரும் முன்பே தாயாகும் பெண்களின் துன்பத்தை மருத்துவர் என்ற முறையில் அவர் அறிந்தார். நோய்க்குக் காரணம் உடலில் மட்டும் இல்லை, வழக்கத்திலும் இருக்கிறது என்பதை உணர்ந்தார். 1925-இல் அரசு உதவித்தொகையில் லண்டன் சென்று, செல்சியிலுள்ள பெண்கள் மருத்துவமனையில் மேற்பயிற்சி பெற்றார். 1926-இல் பாரிஸில் நடந்த பன்னாட்டு மகளிர் மாநாட்டில் கலந்துகொண்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. விலங்கியல் வகுப்பில் இனப்பெருக்க மண்டலம் பாடமாக வரும்போது நம்மில் பலர் தலையைக் குனிந்துகொள்கிறோம். பின் வரிசையில் சிரிப்பொலி கேட்கிறது. தவளைக்கும் கரப்பான் பூச்சிக்கும் வராத கூச்சம் மனிதருக்கு மட்டும் வருகிறது. ஆண், பெண் உடலைப் பற்றி அறிவது இழிவானது என்று யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அந்தக் கூச்சத்தை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அம்மையார் கடந்துவிட்டார். பால்ய விவாகம், விபசார விடுதிகள், பொட்டுக்கட்டுதல் என்று பெரியோர் சபையில் பேசத் தயங்கிய செய்திகளையெல்லாம் அவர் சட்டமன்றத்திலேயே பேசினார். மருத்துவராக இருந்தது அதற்குத் துணை நின்றது.

சட்டமன்றத்தில்

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-இல் வாக்குரிமை கிடைத்தது. அடையாற்றில் 1917-இல் தோன்றிய இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரை முன்மொழிய, அவர் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். 1927-இல் அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவியில் அமர்ந்த முதல் பெண் அவரே.

பெண்களின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று அங்கே அவர் வாதாடினார். 1929-இல் நாடு முழுவதற்கும் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச வயதை வகுத்தது. பதினான்கு என்பது இன்று நமக்குச் சிறிய எண்ணாகத் தோன்றலாம். அதைக்கூட அன்று எத்தனையோ பேர் மதத்துக்கு விரோதம் என்று எதிர்த்தனர்.

ஆனால் அம்மையாரின் பெயர் வரலாற்றில் நிலைத்தது தேவதாசி முறை ஒழிப்பினால்தான். 1927 நவம்பரில் இது குறித்த தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். இந்த வழக்கம் நீடித்ததற்கு நம்பிக்கை மட்டும் காரணமன்று. நிலமும் ஒரு காரணம். கோயில் பணிக்காகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு இனாம் நிலங்கள் விடப்பட்டிருந்தன. பணி நின்றால் நிலமும் போய்விடும். ஆகவே நிலத்தைக் காப்பாற்ற அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணைப் பொட்டுக்கட்டி வைக்க வேண்டிய நெருக்கடி குடும்பத்துக்கு இருந்தது. அம்மையாரின் முயற்சியால் 1929-இல் அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. பணி செய்தாலும் செய்யாவிட்டாலும் நிலம் அப்பெண்களுக்கே சொந்தம் என்ற நிலை உருவாயிற்று. நோயின் வேரைக் கண்டு மருந்து கொடுக்கும் மருத்துவரின் அணுகுமுறையை இதில் நான் காண்கிறேன்.

பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை 1930-இல் அவர் கொண்டுவந்தார். ஆனால் அவ்வாண்டு காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து மேலவைப் பதவியைத் துறந்தார். மசோதா கிடப்பில் போயிற்று. பின்னர் பலரும் அந்தப் போராட்டத்தைத் தொடர்ந்தனர். அவர்களுள் அதே குலத்தில் தோன்றி, ஊர் ஊராகப் பிரசாரம் செய்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தலையாயவர். 2022-இல் தொடங்கப்பட்ட உயர்கல்வி உதவித் திட்டத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. முதலாண்டில் என் வங்கிக் கணக்கில் மாதம் 1000 ரூபாய் வந்து சேர்ந்தது அத்திட்டத்தினால்தான். முடிவில் ஓமந்தூரார் ஆட்சிக் காலத்தில், 1947-இல், தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. முதல் தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே கழிந்தவை இருபது ஆண்டுகள்.

மறுபக்கக் குரல்

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்வர். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்துப் பாராட்டுவது அம்மையாருக்குப் பெருமை சேர்க்காது.

அம்மையாரின் முயற்சியைப் பழமைவாதிகள் மட்டும் எதிர்க்கவில்லை. தேவதாசியரிலேயே பலர் எதிர்த்தனர். சங்கமாகக் கூடி அரசுக்கு விண்ணப்பம் அனுப்பினர். அவர்களுள் பெங்களூர் நாகரத்தினம்மாள் குறிப்பிடத்தக்கவர். திருவையாற்றில் தியாகராசர் சமாதியில் கோயில் எழுப்பியவர் அவர். முத்துபழனி என்ற தஞ்சை அரசவைப் பெண் கவிஞர் தெலுங்கில் இயற்றிய சிருங்கார காவியத்தை 1910-இல் அச்சிட்டவரும் அவரே. அந்நூல் ஆபாசமானது என்று ஆங்கில அரசு தடை விதித்தது. விடுதலை பெற்ற பிறகே தடை நீங்கியது. எங்களை எல்லாம் விபசாரிகள் என்று ஒரே பெயரால் அழைக்காதீர்கள், எங்கள் கலையையும் சொத்துரிமையையும் பறிக்காதீர்கள், கல்வியும் கலைப்பயிற்சியும் தந்து எங்களை உயர்த்துங்கள் என்பது இந்தப் பெண்களின் கோரிக்கையாக இருந்தது.

அம்மையார் இணங்கவில்லை. அவர் கண்முன் நின்றவர்கள் மேடையேறிய கலைஞர்கள் அல்லர். விவரமறியாத வயதில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியர். அந்தச் சிறுமியரில் ஒருத்தியாகத் தம் தாயின் குலத்தையும் அவர் கண்டிருக்க வேண்டும். ஆனால் விளைவு கலப்பாகவே இருந்தது. சதிர் என்று பெயர் பெற்ற நடனம், 1930-களில் பரதநாட்டியம் என்ற புதுப் பெயரோடு வேறு குலத்துப் பெண்கள் ஆடும் மேடைக் கலையாயிற்று. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்களில் பலர் மேடையும் வருவாயும் இழந்தனர். குழந்தைகள் காப்பாற்றப்பட்டனர் என்பதும் உண்மை. மூத்த கலைஞர்கள் கைவிடப்பட்டனர் என்பதும் உண்மை.

1980-களிலிருந்து மகளிரியல் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை விரிவாக ஆராய்ந்து வருகின்றனர். ஒரு சீர்திருத்தத்தால் யார் பயன் பெற்றனர், யார் இழந்தனர், யாருடைய குரல் பதிவாயிற்று, யாருடையது பதிவாகவில்லை என்று கேட்பது அத்துறையின் இயல்பு. மகளிரியல் என்றால் பெண்களைப் புகழ்வது என்றே நான் முன்னர் எண்ணியிருந்தேன். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று வாதாடும்போது இருவரையும் கேட்கச் சொல்லும் படிப்பு அது என்று இவ்வரலாறு எனக்கு விளக்கியது.

அவ்வை இல்லமும் அடையாறு மருத்துவமனையும்

சட்டம் இயற்றினால் போதுமா? வெளியே வந்த சிறுமியர் எங்கே போவார்கள்? தேவதாசிக் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று சிறுமியர் அடைக்கலம் தேடி அம்மையாரிடம் வந்தனர். விடுதிகளில் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. காரணம் பழையதுதான்: இன்னாருடைய மகள்கள்! அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1930-களின் தொடக்கத்தில் அவ்வை இல்லம் இப்படித்தான் பிறந்தது. ஆதரவற்ற எத்தனையோ பெண் குழந்தைகள் சாதி வேறுபாடின்றி அங்கே தங்கிப் படித்தனர். கல்லூரி வாயிலில் தம்மை நோக்கி எழுந்த கேள்விக்கு அம்மையார் தந்த விடை அவ்வை இல்லம் என்பேன்.

மற்றொரு துயரமும் அவரை வழிநடத்தியது. அவருடைய தங்கை புற்றுநோயால் இளம் வயதிலேயே இறந்தார். சீதபேதி என்று தவறாகக் கருதப்பட்டு, நோய் முற்றிய பின்னரே உண்மை தெரிந்தது. மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காப்பாற்ற இயலாத வேதனை அம்மையாரை விட்டு அகலவே இல்லை. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை எழுப்ப இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டினார். இறந்துபோகும் நோய்க்கு எதற்கு மருத்துவமனை என்று கேட்டவர்களும் உண்டு. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. அப்போது அம்மையாருக்கு வயது 67. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். டாக்டர் சாந்தா 2021-இல் மறையும்வரை அப்பணியிலேயே வாழ்ந்தார்.

அம்மையாருக்கு 1956-இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1968 ஜூலை 22-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். 2019-இல் தமிழக அரசு அவருடைய பிறந்த நாளை மருத்துவமனை நாளாக அறிவித்தது.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாறு முடிந்துபோன கதையன்று. முதலாண்டில் என்னோடு சேர்ந்த தோழியர் இருவர் இன்று வகுப்பில் இல்லை. ஒருத்திக்குத் திருமணம் ஆகிவிட்டது. மற்றவளுக்கு நிச்சயம் ஆனதும் படிப்பு நின்றுவிட்டது. இருவருமே நன்றாகப் படித்தவர்கள். எங்கள் தெருவிலும் என் அப்பாவிடம் சிலர் கேட்கிறார்கள்: பெண்ணை இவ்வளவு படிக்க வைத்தால் அதற்கேற்ற மாப்பிள்ளைக்கு எங்கே போவது? அப்பா பதில் சொல்லாமல் சிரித்துவிட்டு வருகிறார். வீட்டில் என்னிடம் அடுத்த பருவத்துக் கட்டணம் எவ்வளவு என்று மட்டுமே கேட்கிறார்.

இன்று துணித் திரை இல்லை. ஆனால் இரவு ஏழு மணிக்குமேல் நூலகத்தில் அமரத் தயங்குகிறோம். ஐயம் இருந்தாலும் ஆண்கள் நிறைந்த வகுப்பில் எழுந்து கேட்கக் கூசுகிறோம். இது ஏன் என்று கேட்பதே ஒரு படிப்பு. தமிழ்நாட்டில் மகளிருக்கென்றே 1984-இல் கொடைக்கானலில் அன்னை தெரசா பல்கலைக்கழகம் தோன்றியது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் முதலியவற்றில் மகளிரியல் தனித் துறையாகவே விளங்குகிறது. அத்துறைகளில் சேருவோர் மட்டும் படிக்க வேண்டிய பொருளா இது? இயற்பியல் படிக்கும் மாணவனும், வணிகவியல் படிக்கும் மாணவியும் நாளை கணவனாகவோ மனைவியாகவோ, தந்தையாகவோ தாயாகவோ ஆகப் போகிறவர்கள்தாமே! அவர்களுக்கும் இது தேவையன்றோ?

ஆகவே நம் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வரும் ஜூலை 30-ஆம் நாள் நம் கல்லூரியில் ஒரு கூட்டம் நடத்துவோம். மாலை அணிவித்து, புகழுரை கூறிக் கலைந்துவிடாமல், முத்துலட்சுமி அம்மையாரின் கட்சியை ஒருவரும் நாகரத்தினம்மாளின் கட்சியை ஒருவரும் எடுத்துப் பேசட்டும். மாணவரும் மாணவியரும் சேர்ந்தே பேசட்டும். முதலாண்டு மாணவியர் முன் வரிசையில் அமரட்டும். நூலகத்தில் இவர்களைப் பற்றிய நூல்களுக்கென்று ஓர் அடுக்கு ஒதுக்கித் தந்தால், அதை ஒழுங்காகப் பராமரிக்கும் பொறுப்பை எங்கள் வகுப்பு மாணவியர் ஏற்றுக்கொள்வோம்.